பதின்மூன்று எண்கள் காட்டும் எடைக்கருவி: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

அலுவலகத்தில் ஆண்டுக்கொருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் எனக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 சதவீதம் என்று வந்தது. அந்த அளவு 5.7க்கும் 6.4க்கும் இடையில் இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று கொள்கிறார்கள். எனக்கு வயது 47. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இருந்த நோய் என்பதால் பெரிதாக வியக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை. மருத்துவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "எடைமேல் ஒரு கண் வையுங்கள், வயிற்றின்மேலும்தான்" என்றார். அந்த வாக்கியத்தின் பிற்பாதியைக் காதில் போட்டுக்கொள்ளாமல், முற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கைப்பேசிச் செயலியோடு இணையும் கண்ணாடி எடைக்கருவி ஒன்றை இணையத்தில் 1,899 ரூபாய்க்கு வாங்கினேன். ஐந்து மாதம் ஏறக்குறைய நாள்தோறும் பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்பீடு இது. இதே அமைப்பில் பல நிறுவனங்களின் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. நான் சொல்வதில் பெரும்பகுதி அவை அனைத்துக்கும் பொருந்தும் என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

பெட்டிக்குள் இருந்தவை ஒரு கண்ணாடிப் பலகை, அதன்மேல் பாதங்கள் படும் இடத்தில் நான்கு உலோகத் தகடுகள், மூன்று சிறிய பேட்டரிகள், தமிழில் ஒரு வரிகூட இல்லாத மெல்லிய கையேடு ஆகியவைதாம். செயலியை நிறுவியதும் அது உயரம், வயது, பாலினம் மூன்றையும் கேட்டது. இந்த இடத்தை வாங்குபவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள், நானும் கடந்தேன். கல்லூரிக் காலத்திலிருந்து மனத்தில் பதிந்துபோன 170 சென்டிமீட்டர் என்ற உயரத்தையே பதிந்தேன். பிறகு ஓர் ஐயம் வந்து, சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்தபோது 168தான் வந்தது. இரண்டு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். அன்று என் எடை 66.4 கிலோ. எடை உயரத்துக்கு ஏற்றதா என்று காட்டும் பிஎம்ஐ என்ற எண், உயரம் 170 என்றால் எனக்கு 22.98, 168 என்றால் 23.53. அதிக எடை தொடங்குவதாக இந்தியர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் எல்லைக்கோடு 23. அதாவது, நான் பொய் சொல்லாமலே, வெறும் ஞாபகப் பிசகால் அந்தக் கோட்டுக்கு இப்பால் நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் இந்தக் கருவி உண்மையாகவே செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எடையை இது நன்றாகப் பார்க்கிறது. நான்கு மூலைகளிலும் உள்ள கால்களுக்குள் சிறிய உலோகத் துண்டுகள் இருக்கின்றன. நாம் ஏறி நின்றதும் அவை மிக நுண்ணிய அளவில் வளைகின்றன, அந்த வளைவால் அவற்றின் மேல் ஒட்டிய கம்பியிழையின் மின்தடை மாறுகிறது, அந்த மாற்றம் எடையாக மொழிபெயர்க்கப்படுகிறது. கடையிலிருந்து வந்த, தையல் பிரிக்காத 25 கிலோ அரிசிச் சிப்பத்தை அதன்மேல் நிறுத்திப் பார்த்தேன். 25.15 என்று காட்டியது. சாக்கின் எடையையும் சேர்த்தால் அது நியாயமான எண். அடுத்தடுத்து ஐந்து முறை ஏறி இறங்கியபோதும் வேறுபாடு 100 கிராமைத் தாண்டவில்லை. தரை மட்டும் சமமாக இருக்க வேண்டும். எங்கள் முன்னறையின் பழைய மொசைக் தரையில் ஒரு மூலை சற்றே தாழ்வு. அங்கே வைத்தால் முக்கால் கிலோ வரை குறைத்துக் காட்டியது. ஜமக்காளத்தின் மேலோ மிதியடியின் மேலோ வைத்துப் பார்ப்பது வீண்வேலை. சமையலறை டைல்ஸ் தரையில் ஒரே இடத்தைச் சாக்கட்டியால் குறித்துவைத்துவிட்டேன். அதன்பின் எடையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை.

குறைகள் அடுத்த எண்ணிலிருந்து தொடங்குகின்றன. செயலி காட்டும் பதின்மூன்றில் இரண்டாவது, பிஎம்ஐ எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. என்னுடைய 23.53க்கு நேராகப் பச்சை நிறத்தில் ஒரு புன்னகை முகம் வந்து, "சிறப்பு, உங்கள் எடை சரியாக உள்ளது" என்ற பொருள்பட ஒரு வாழ்த்தும் வந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறாய் என்று ஆய்வகம் சொன்ன அதே வாரத்தில், எல்லாம் சரி என்று எடைக்கருவி சொல்லியது. முன்பெல்லாம் ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழலும் எடை இயந்திரங்கள் இருந்தன. காசு போட்டால் அட்டையில் எடையும் அதன் பின்பக்கத்தில் அதிர்ஷ்டப் பலனும் வரும். எடைக்கும் பலனுக்கும் தொடர்பில்லை என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்தச் செயலியில் அந்தத் தெளிவு இல்லாததுதான் சிக்கல்.

பிஎம்ஐயின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பது விளங்கும். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1796இல் பிறந்த அடால்ஃப் கெத்தலே மருத்துவர் அல்லர், வானியலாளர், புள்ளியியலாளர். மனிதக் கூட்டத்தின் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தவர், வளர்ந்தவர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பதை 1832 வாக்கில் கண்டார். கொழுப்பை அளப்பதோ யாருக்கு நோய் வரும் என்று சொல்வதோ அவர் நோக்கமே இல்லை. அதற்கு 140 ஆண்டுகளுக்குப் பிறகு, 1972இல், அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸும் அவருடைய கூட்டாளிகளும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை வைத்து, எடையையும் உயரத்தையும் சேர்க்கும் பல வாய்பாடுகளில் எது உடற்கொழுப்பைக் காட்டும் தோல்மடிப்புத் தடிமனோடும் உடல் அடர்த்தியோடும் நன்றாக ஒத்துப்போகிறது என்று சோதித்தார்கள். கெத்தலேயின் விகிதம் மற்றவற்றுக்குக் குறையாமல் தேறியது, கணக்கிடவும் எளிது. அப்போதுதான் அதற்கு இந்தப் பெயரே வந்தது. ஆண்கள் என்று மேலே எழுதியிருப்பதை மறுபடி படியுங்கள்: அந்த ஆய்வில் பெண்கள் இல்லை. என் மனைவிக்கும் அம்மாவுக்கும் அதே வாய்பாட்டால்தான் புன்னகை முகம் வருகிறது.

ஆனாலும் பிஎம்ஐயைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு மாநிலத்தின் நிலையை அறிய வேண்டுமென்றால் அதைவிடச் செலவு குறைந்த அளவுகோல் கிடையாது. ஒரு தராசும் உயரக்கோலும் இருந்தால் போதும், ஊசியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் 25 அல்லது அதற்கு மேற்பட்ட பிஎம்ஐ உடையவர்கள் என்று தெரியவந்தது. நாடு முழுமைக்குமான அளவு பெண்களில் 24, ஆண்களில் 22.9. இந்த வேறுபாடு தற்செயலானதல்ல, நம் சாப்பாட்டையும் நடையின்மையையும் பற்றி ஏதோ சொல்கிறது. ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒருவருடைய தசையும் இன்னொருவருடைய தொப்பையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். சமையலறைத் தரையில் தனியாக நிற்கும் ஒருவருக்கு அந்த ஈடு கிடைப்பதில்லை.

எல்லைக்கோடுகளின் கதை இன்னும் சுவையானது. செயலி பயன்படுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான பிரிவுகளை: 18.5க்குக் கீழே எடைக்குறைவு, 25 முதல் அதிக எடை, 30 முதல் உடல்பருமன். இவை இயற்கை போட்ட கோடுகள் அல்ல. அமெரிக்காவில் 1998 வரை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்த அதிக எடைக் கோட்டை அந்த ஆண்டு 25க்கு இறக்கினார்கள். கோடிக்கணக்கானோர் ஒரு கிராம்கூடக் கூடாமல் ஒரே நாளில் அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். ஆசியர்களுக்கு 25 என்ற கோடு மிகவும் தாமதமான எச்சரிக்கை என்பதால், 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 23, 27.5 ஆகிய அளவுகளில் கூடுதல் கவனம் வேண்டும் என்று எழுதியது. 2009இல் வெளியான இந்திய மருத்துவர்களின் இணக்கக் கருத்து இன்னும் ஒருபடி சென்று, 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25 முதலே உடல்பருமன் என்று வகுத்தது. இதையெல்லாம் இந்தியாவில் விற்கும், ரூபாயில் விலை போட்டிருக்கும் ஒரு கருவியின் செயலியில் தேர்ந்தெடுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கும் என்று அமைப்புப் பக்கம் முழுவதும் தேடினேன்; இல்லை. பின்னணியின் நிறத்தை ஆறு விதமாக மாற்றலாம், எல்லைக்கோட்டை மாற்ற முடியாது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று மறுநாள் பதில் வந்தது. நான்கு மாதமாக அவ்வளவுதான்.

ஆசியர்களுக்கு ஏன் தனிக் கோடு என்று கேட்பவர்களுக்கு, 2004இல் ஒரு மருத்துவ இதழில் வந்த படத்தைப் பற்றிச் சொல்வதே போதும். புனேயைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான்: 22.3. ஊடுகதிர் (எக்ஸ்ரே) முறையில் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் ஊரில் கையும் காலும் குச்சியாக இருக்க வயிறு மட்டும் முன்னால் நிற்கும் ஆட்களைப் பார்த்து நாம் இதைச் சொல்லாமலே அறிந்திருக்கிறோம், பெயர்தான் வைக்கவில்லை. சென்னை நீரிழிவு ஆய்வு மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்விலும், பிஎம்ஐயின்படி உடல்பருமன் உடையவர்கள் 28.6 சதவீதமாக இருக்க, வயிற்றுப் பருமன் உடையவர்கள் 39.5 சதவீதமாக இருந்தார்கள். பிஎம்ஐயை மட்டும் கேட்டால் இடையில் உள்ள பெருங்கூட்டம் பச்சைப் புன்னகையோடு வீட்டுக்குப் போய்விடும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

வீட்டில் உள்ள மற்றவர்களையும் ஏற்றிப் பார்த்தேன். தங்கை மகன் மாவட்ட அளவில் கபடி ஆடுகிறவன். 172 சென்டிமீட்டர், 80 கிலோ, வயிறு பலகைபோல் இருக்கும். அவனுக்கு 27 என்று வந்து முகம் ஆரஞ்சு நிறத்தில் சுளித்துக்கொண்டது. இந்தியக் கோட்டின்படி பார்த்தால் அவனுக்கு இன்னும் மோசமான பட்டம் கிடைத்திருக்கும். "மாமா, இதை நம்பிச் சோற்றைக் குறைத்தால் பயிற்சியாளர் என்னைத் தொலைத்துவிடுவார்" என்று சிரித்துவிட்டு இறங்கினான். தசை கொழுப்பைவிட அடர்த்தியானது. ஒரே அளவு இடத்தில் கூடுதல் எடை. வகுத்தல் கணக்குக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அவன் கதை எல்லாரும் சொல்வதுதான். எனக்குக் கவலை தந்தது அம்மாவின் எண். வயது 71, உயரம் 150, எடை 49, பிஎம்ஐ 21.8, பளிச்சென்ற பச்சை. ஆனால் அம்மாவால் கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடியவில்லை, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இரண்டு ஆண்டாகிறது. முதுமையில் தசை கரைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் எடை மாறாது, வகுத்தலின் விடையும் மாறாது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். அம்மாவின் பழைய மருத்துவக் குறிப்பேட்டில் உயரம் 154 என்று இருந்தது. முதுகெலும்பு தேய்ந்து நான்கு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது; பழைய உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் 20.7தான். உயரம் குறையக் குறைய பிஎம்ஐ தானாகக் கூடுகிறது. தேய்மானத்தை அந்த எண் சதைப்பிடிப்பாகக் காட்டுகிறது. எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டிய செய்தியைச் செயலி வாழ்த்துச் செய்தியாக அனுப்பியது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளையும் அது பெரியவர்களுக்கான கோட்டிலேயே வைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு வயதும் பாலினமும் சார்ந்த தனி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும், அந்தப் புன்னகைக்கும் சுளிப்புக்கும் அவர்களிடத்தில் பொருளே இல்லை.

பிஎம்ஐக்கு இத்தனை குறை உண்டு என்பது இந்தக் கருவிகளை விற்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்களுடைய விளம்பரமே அதுதான்: பிஎம்ஐ பழங்கதை, எங்கள் கருவி கொழுப்பையே நேராக அளக்கும். ஆகவே இந்த மதிப்பீட்டில் மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டியது கொழுப்புச் சதவீதத்தைத்தான்.

கருவி என்ன செய்கிறது என்றால், ஒரு பாதத்தின் தகட்டிலிருந்து மறு பாதத்தின் தகட்டுக்கு, நாம் உணர முடியாத அளவு சிறிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்துகிறது. நீரும் உப்பும் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. எனவே தடையை அளந்தால் உடலில் எவ்வளவு நீர் என்று ஊகிக்கலாம், நீரிலிருந்து தசையை ஊகிக்கலாம், மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் கொழுப்பு. கோட்பாட்டில் பிழையில்லை. ஆனால் கருவி தன் கையால் அளப்பது எடை, தடை என்ற இரண்டை மட்டுமே. நாம் பதிந்த உயரம், வயது, பாலினம் மூன்றையும் அவற்றோடு ஒரு சமன்பாட்டுக்குள் போட்டுத்தான் மீதமுள்ள அத்தனை எண்களும் வருகின்றன. அந்தச் சமன்பாடு எந்த நாட்டு மக்களின் உடலை வைத்துச் செய்யப்பட்டது என்று கையேட்டில் இல்லை. மேலும், மின்சாரம் குறுக்குவழியைத்தான் தேடும். ஒரு காலில் ஏறி இடுப்புக் கீழ்ப்பகுதியைக் கடந்து மறு காலில் இறங்கிவிடுகிறது. என் சிக்கல் முழுவதும் வயிற்றில். கருவி விசாரிப்பதோ கால்களை.

இதைச் சோதிக்க எனக்குத் தோன்றிய வழிகளைச் செய்து பார்த்தேன். வழக்கமான காலை அளவு 24.6 சதவீதம், அதாவது 66.4 கிலோவில் 16.3 கிலோ கொழுப்பு. ஐந்து கிலோ அரிசிப் பையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு மறுபடி ஏறினேன். எடை சரியாக ஐந்து கிலோ கூடியது. கொழுப்புச் சதவீதம் 27.9 ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த ஐந்து கிலோ பொன்னி அரிசியில் 3.6 கிலோ என் கொழுப்பாகவும் மிச்சம் என் தசையாகவும் பங்கிடப்பட்டிருந்தது. எலும்பின் எடையும் 100 கிராம் கூடியிருந்தது. அரிசி கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும் என்று மனைவி சொன்னாள், அது வேறு பேச்சு. இன்னொரு நாள் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நின்றேன். தண்ணீரிலும் முக்கால் பங்கு கொழுப்பாகிவிட்டது, 25.3. மாலையில் வேகநடை முடித்து வியர்வையோடு வந்து நின்றால் 22.9. வெடித்த குதிகால் உள்ளவர்களுக்கு, வறண்ட தடித்த தோல் தடையைக் கூட்டும் என்பதால், கொழுப்பும் கூடித் தெரியும்.

இவற்றையெல்லாம்விட என்னைத் திகைக்கவைத்தது செயலியில் உள்ள ஒரு பொத்தான். 'விளையாட்டு வீரர்' என்ற தேர்வை அழுத்தியதும் என் கொழுப்பு 24.6இலிருந்து 17.9க்கு இறங்கியது. தரையில் நின்ற இடத்தை விட்டு நகராமல் நான்கரைக் கிலோ கொழுப்பைக் கரைத்திருக்கிறேன். பாலினத்தைப் பெண் என்று மாற்றியபோது 31.8 ஆனது. உயரத்தை ஐந்து சென்டிமீட்டர் கூட்டியபோது 21.9. அளக்கப்பட்ட உடல் ஒன்றுதான், மாறியது நான் தட்டச்சிட்ட விவரம் மட்டும். பிஎம்ஐயை விமர்சித்து வந்த கருவி, கடைசியில் அதே எடையையும் உயரத்தையும்தான் வேறு உடை உடுத்தி நமக்குத் திருப்பித் தருகிறது.

பெருநகரத்து மருத்துவமனை ஒன்றில் எலும்பு அடர்த்தி பார்க்கும் ஊடுகதிர்க் கருவியிலேயே உடற்கொழுப்பையும் அளக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேறு வேலையாகப் போனபோது அதையும் எடுத்துக்கொண்டேன். இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட கதிர்கள் எலும்பிலும் தசையிலும் கொழுப்பிலும் வெவ்வேறு அளவில் உறிஞ்சப்படுவதை வைத்துச் செய்யும் அளவீடு அது. அங்கே எனக்கு வந்தது 30.2 சதவீதம், அதிலும் பெரும்பகுதி உடலின் நடுப்பகுதியில். அன்று காலை வீட்டுக் கருவி சொன்னது 24.4. ஒருவருடைய ஒரே ஒப்பீட்டை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாதுதான். ஆனால் என்னைப் பொறுத்தவரை தவறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது முக்கியம்: ஆறுதல் தரும் பக்கம்.

மீதி எண்களை விரைவாகக் கடக்கிறேன். உள்ளுறுப்புக் கொழுப்பு என்று ஒன்பது என்ற எண்ணைக் காட்டுகிறது. அது கிலோவும் அல்ல, சதவீதமும் அல்ல, நிறுவனத்தின் சொந்த அளவுகோல். வளர்சிதை வயது, அதாவது உடல் ஆற்றலைச் செலவிடும் வேகத்தை வைத்துக் கணிக்கும் வயது, என்று ஒன்று உண்டு. எனக்கு 45 என்றது, விளையாட்டு வீரர் பொத்தானை அழுத்தினால் 38. எலும்பின் எடையை அரிசிப்பை விவகாரத்துக்குப் பிறகு நான் பார்ப்பதில்லை. செயலி தன் பங்குக்கு இருப்பிட அனுமதியும் கைப்பேசி எண்ணும் கேட்டு வாங்கிக்கொண்டு, மூன்றாம் நாளிலிருந்து புரதப்பொடி விளம்பரம் காட்டத் தொடங்கியது. வீட்டார் எடையெல்லாம் எங்கோ ஒரு கணினியில் சேமிக்கப்படுவது எனக்கு உவப்பாக இல்லை; அம்மா பெயரில் தொடங்கிய கணக்கை அழிக்க மூன்று மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது.

நல்லதாகச் சொல்ல ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது முறையல்ல. நாள்தோறும் பார்க்கும் எடையைக் கோடாக வரைந்து, ஏழு நாள் சராசரியைக் காட்டும் வசதி மிகப் பயனுள்ளது. விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ கூடுவதும், வயிற்றுப்போக்கு வந்தால் ஒன்றரைக் கிலோ குறைவதும் தண்ணீரின் விளையாட்டு என்பதை அந்தக் கோடு எனக்குக் கற்றுக்கொடுத்தது. தனிப்பட்ட நாளின் எண்ணைப் பார்த்து மகிழ்வதையும் சோர்வதையும் விட்டுவிட்டேன்.

மருத்துவர் சொன்ன வாக்கியத்தின் பிற்பாதிக்கு இரண்டாம் மாதத்தில்தான் வந்தேன். மனைவியின் தையல் பெட்டியிலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்தேன். நான் அணியும் பேண்ட் 34 அங்குலம் என்பதால் என் இடுப்பும் அதுவே என்று நினைத்திருந்தேன். பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது என்பதை எந்தத் தையற்காரரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசி விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் தரைக்கு இணையாகச் சுற்றி அளக்க வேண்டும். அப்படி அளந்தபோது 94 சென்டிமீட்டர், 37 அங்குலம். இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பது வரம்பு. இங்கிலாந்தின் தேசிய மருத்துவத் தர நிறுவனம் 2022 முதல் இன்னும் எளிய கணக்கைப் பரிந்துரைக்கிறது: சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும். எனக்கு 84க்குள் இருக்க வேண்டியது பத்து சென்டிமீட்டர் தாண்டி நிற்கிறது. 1,899 ரூபாய்க் கருவி பதின்மூன்று எண்களால் சொல்லாததை, இருபது ரூபாய் டேப் ஒரே சுற்றில் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் வெளியான பன்னாட்டு மருத்துவ ஆணையம் ஒன்றின் அறிக்கையும், தனிமனிதருக்கு உடல்பருமன் உண்டா இல்லையா என்று பிஎம்ஐயை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், சுற்றளவையோ கொழுப்பையோ சேர்த்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறது. அதே மாதம் வெளியான புதிய இந்திய வரையறையிலும் 23க்கு மேற்பட்ட பிஎம்ஐயோடு வயிற்றுச் சுற்றளவையும் உடன்வரும் நோய்களையும் சேர்த்தே நிலைகளைப் பிரிக்கிறார்கள்.

இரவுச் சோற்றைக் குறைத்து, காலையில் முக்கால் மணி நேரம் நடந்து, வாரம் மூன்று நாள் தண்ணீர்க் கேன்களைத் தூக்கி இறக்கி ஐந்து மாதம் ஓடியது. எடை 66.4இலிருந்து 65.1 ஆகியிருக்கிறது, பிஎம்ஐ 23.1. செயலியின் கொழுப்புக் கணக்கில் 24.6 என்பது 24.2 ஆகியிருக்கிறது, அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பதால் வரும் மாற்றத்தைவிடக் குறைவு. வயிற்றுச் சுற்றளவோ 94இலிருந்து 90.5க்கு வந்திருக்கிறது, சர்க்கரைச் சராசரி 5.9க்கு இறங்கியிருக்கிறது. கருவியை மட்டும் நம்பியிருந்தால், ஒன்றும் நடக்கவில்லை என்று மூன்றாம் மாதமே நடையை நிறுத்தியிருப்பேன்.

எடைக்கு ஐந்தில் நான்கரை, கொழுப்பு முதலிய எண்களுக்கு ஒன்று, செயலிக்கு ஒன்றரை என்பது என் மதிப்பெண். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இத்தகைய மின்னோட்டக் கருவியில் ஏறக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம் என்றே கையேடு சொல்கிறது, ஆனால் அது பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஈரக்காலோடு கண்ணாடியில் ஏறினால் வழுக்கும் என்பதை வீட்டில் முதியவர்கள் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

போன வாரம் மாமனார் வந்திருந்தபோது, "மாப்பிள்ளை, எனக்கும் இந்த மாதிரி ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்றார். செயலி எதுவும் இல்லாத சாதாரண டிஜிட்டல் எடைக்கருவி ஒன்றை, இதன் விலையில் பாதிக்கும் குறைவாக, கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்து, டேப் ஒன்றையும் கூடவே வைத்தேன். பயன்படுத்தும் முன் அவரையும் சுவரோரம் நிறுத்தி, அதே தடித்த புத்தகத்தைத் தலைமேல் வைத்துப் பென்சில் கோடு போட்டோம். 166 என்று இத்தனை ஆண்டு சொல்லிவந்தவர் 163 இருந்தார். டேப்பைக் கையிலிருந்து வாங்கித் தாமே ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, பிறகுதான் ஒத்துக்கொண்டார்.